பழி டர்போ மேல், ஓட்டை ஹோஸில்

(இரண்டாமாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)

டாக்ஸி ஸ்டாண்டில் "டர்போ போயிடுச்சு" என்று ஒரு மெக்கானிக் சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அந்த டிரைவருக்குச் சாப்பாடு இறங்காது. புது டர்போ என்பது எங்கள் வீட்டுக் கணக்கில் அப்பாவின் இரண்டு மாத ஓட்டம். ஆனால் டர்போ நன்றாக இருக்கும்போதே அதன் மேல் பழி விழுவதும் உண்டு. காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் கிழிந்தாலும் அதே குணம்தான் காட்டும். அதை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்து மாற்றுவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. மற்ற பிரிவு நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். முதலாமாண்டுக் கணக்கே இதற்குப் போதும்.

டர்போ என்றால் என்ன என்பது பலருக்குத் தெரிந்ததே. எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் சூட்டையும் வேகத்தையும் வீணாக்காமல் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்ற வைக்கிறோம். அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அமுக்கி, சிலிண்டருக்கு அனுப்புகிறது. ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூக்கி 1905லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் டர்போ வைத்த டீசல் கார் விற்பனைக்கு வர 1978 ஆயிற்று. மெர்சிடிஸ் 300 எஸ்.டி. தான் முதல் கார்.

அப்பா ஓட்டுவது பன்னிரண்டு வருடப் பழைய டீசல் கார். எஞ்சின், ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் வகை, 1248 சி.சி., 75 குதிரைத்திறன். 2007ல் மாருதி ஸ்விஃப்ட்டில் வந்து, பிறகு டாடா இண்டிகா விஸ்டா போன்ற பல கார்களிலும் இடம்பிடித்த எஞ்சின் இது. 2020ல் பி.எஸ். 6 விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. ஆகவே இன்று ரோட்டில் நாம் பார்க்கும் இந்த வகை எஞ்சின் எல்லாம் வயசான வண்டியில்தான் இருக்கும். இரும்பு தாங்குகிறது, ரப்பர் தாங்குவதில்லை. அது கம்பெனியின் குறை அல்ல, வயசின் குறை.

போன கோடையில் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு சவாரி. அந்த மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுவதற்குள் வண்டி இரண்டாவது கியரிலேயே முனக ஆரம்பித்தது. பின்னால் கன்னங்கரேல் என்று புகை. எஃப்.சி. தேதி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு பட்டறையில் பானெட்டைத் திறந்து பார்த்த வேகத்திலேயே "டர்போதான்" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அப்பா, "கண்ணு, நீ படிக்கறதுல இதுக்கு ஏதாச்சும் போட்டிருக்குதா?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் காலேஜ் படி மிதித்த முதல் ஆள் நான். வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்கும் கேள்விக்குக்கூட அவ்வளவு பயந்தது இல்லை.

தெர்மல் எஞ்சினியரிங் நோட்டை எடுத்தேன். டர்போவுக்குள் போகும் காற்று 35 டிகிரி, வெளியே வரும்போது அழுத்தம் இரண்டு மடங்கு, கம்ப்ரசரின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், காற்று சுமார் 130 டிகிரி சூட்டில் வெளியே வருகிறது. அதாவது தண்ணீர் கொதிக்கும் சூட்டையும் தாண்டி! இதைத் தாங்குவது ஒரு ரப்பர் குழாய். இன்னொரு கணக்கு: ஹோஸின் உள்விட்டம் 50 மி.மீ., வெளிக்காற்றைவிட அதிகமாக உள்ள அழுத்தம் 1 பார் என்றால், வளைவில் அதைப் பிடுங்கித் தள்ளப் பார்க்கும் விசை சுமார் 20 கிலோ எடைக்குச் சமம். ஓர் அரிசிச் சிப்பத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒவ்வொரு முறை ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதும் அந்தச் சிப்பம் ஹோஸை இழுக்கிறது, காலை எடுத்தால் விடுகிறது. இதோடு எஞ்சினின் ஆட்டமும், பிரீதர் வழியாக வரும் எண்ணெய் ஆவியும் சேர்ந்தால் எந்த ரப்பரும் தளர்ந்துதான் போகும்.

சரி, ஹோஸ் கிழிந்தால் கருப்புப் புகை ஏன் வரவேண்டும்? காற்று குறைந்தால் பிக்கப்தானே குறைய வேண்டும்? எனக்கும் முதலில் இது புரியவில்லை. நம் ஹாஸ்டல் மெஸ்ஸை நினைத்துப் பாருங்கள். காலையில் அறுபது பேர் என்று கணக்கு எடுத்து அறுபது பேருக்கு உலை வைக்கிறார்கள். இருபது பேர் பின்கேட் வழியாக சினிமாவுக்குப் போய்விட்டால் சோறு மீந்துவிடும். காரிலும் இதே கதைதான். ஏர் ஃபில்டரை ஒட்டியுள்ள சென்சார் உள்ளே வரும் காற்றை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பி டீசலுக்கு அனுமதி கொடுக்கிறது. அளந்த காற்றில் ஒரு பங்கு டர்போவுக்குப் பிறகு ஓட்டை வழியாக வெளியே போய்விட்டால், மீந்த டீசல் சரியாக எரியாமல் கரியாகிப் புகைகிறது. அழுத்தம் குறைந்ததை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும். சாதாரணமாகவே அது நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் சுற்றுவது. ஓட்டை ஹோஸோடு மாதக்கணக்கில் ஓட்டினால், இன்றைக்குப் பொய்யாகச் சொன்ன "டர்போ போயிடுச்சு" நாளைக்கு நிஜமாகவே ஆகிவிடலாம்.

எங்கள் வண்டியில் பார்க்க வேண்டிய ஹோஸ் மூன்று. ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போவது ஒன்று. அதில் உறிஞ்சல்தான், அழுத்தம் கிடையாது. ஆனால் அது கிழிந்தால் தூசி நேராக டர்போ சக்கரத்துக்குப் போகும். அடுத்தது டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு. அதிகச் சூடு இதற்குத்தான். மூன்றாவது, இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்கு.

சும்மா நிற்கும்போது எஞ்சினை ஓடவிட்டுக் காதை வைத்தால் எதுவும் தெரியாது, ஏனென்றால் அப்போது அழுத்தமே இல்லை. ஏற்றத்தில் மிதிக்கும்போது "உஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வரும். எஞ்சின் ஆறிய பிறகு ஹோஸை முழு நீளத்துக்கும் கையால் அமுக்கி, வளைத்து, விரித்துப் பாருங்கள். ஒரே இடத்தில் எண்ணெய்ப் பசையும் தூசியும் அப்பியிருந்தால் அங்கே சந்தேகப்படலாம். எங்கள் வண்டியில் வெளித்தோற்றத்துக்கு எல்லாம் நன்றாகவே இருந்தது. இன்னும் உறுதியாகத் தெரிய, நடு ஹோஸின் டர்போ பக்க முனையைக் கழற்றி, டியூப்லெஸ் டயர் வால்வு பொருத்திய பி.வி.சி. மூடியால் அடைத்து, சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று அடித்தோம். அரை பாருக்கு மேல் கூடாது. சோப்புத் தண்ணீர் தெளித்ததும் இன்டர்கூலர் பக்கத்துக் கிளிப்பை ஒட்டி, மடிப்பின் உள்பக்கம், நுரை பொங்கியது. விரல் நகம் அளவுக்கு ஒரு பிளவு. அப்பா அதை விரலால் விரித்து விரித்துப் பார்த்தார்.

மாற்றுவதற்கு அரை நாள் ஆனது. வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கை மட்டும் நம்பவே கூடாது; ஸ்டாண்டு கொடுத்து, டயருக்குக் கட்டை வைத்த பிறகே படுக்க வேண்டும். பழைய ஹோஸ் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். புது ஹோஸ் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் சீக்கிரம் கிழியும். ஒட்டிக்கொண்ட ஹோஸை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாமல் கையால் திருகித் திருகி எடுக்க வேண்டும். நெம்பினால் அலுமினியக் குழாயில் கீறல் விழுந்து அதுவே புது ஓட்டையாகிவிடும். உள்ளே கொஞ்சம் எண்ணெய்ப் பசை இருப்பது சகஜம். கிண்ணத்தில் பிடிக்கும் அளவுக்கு வழிந்தால்தான் யோசிக்க வேண்டும்.

திறந்த வாய்களைத் துணியால் அடைத்துவிடுங்கள். எத்தனை துணி வைத்தோம் என்று எண்ணி வையுங்கள். திரும்ப எடுக்கும்போது அதே எண்ணிக்கை வரவேண்டும். ஒரு துணியோ, ஒரு நட்டோ உள்ளே தங்கிவிட்டால் முதல் ஸ்டார்ட்டிலேயே விபரீதம்தான். இந்த இடத்தில் அவசரம் கூடவே கூடாது.

ஹோஸ் கழன்றிருக்கும்போதே டர்போவையும் சோதித்துவிடலாம். முதல் ஹோஸையும் கழற்றினால் சக்கரம் கண்ணுக்குத் தெரியும். விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். இறக்கைகள் உடையாமல், கூட்டில் உரசாமல் இருக்க வேண்டும். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம், முன்னும் பின்னும் கைக்குத் தெரிகிற ஆட்டம் கூடாது. எங்கள் டர்போ பாஸ்!

புது ஹோஸ் மாட்டும்போது குழாய் முனையை எண்ணெய் இல்லாமல் துடைத்து, உலர்ந்த நிலையில் மாட்ட வேண்டும். சுலபமாக ஏறட்டுமே என்று கிரீஸ் தடவுகிறவர்கள் உண்டு. அந்த 20 கிலோ விசைக்கு அதுவே வழுக்குப் பாதையாகிவிடும். கிளிப் குழாயின் மேட்டுக்கு உள்பக்கமாக உட்கார வேண்டும். கிளிப்பின் துளை வழியே ரப்பர் பிதுங்கும் அளவுக்கு முறுக்குவது பலம் அல்ல, சேதம். கடையில் நீலம், சிவப்பு என்று பளபளப்பான சிலிக்கான் ஹோஸ் காட்டுவார்கள். சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் சாதாரண சிலிக்கானில் எண்ணெய் மெல்லக் கசியும். உள்பூச்சு ஃப்ளூரோ சிலிக்கானா என்று கேட்டு வாங்குங்கள். நாங்கள் அந்த வண்டிக்கே உரிய ரப்பர் ஹோஸைத்தான் வாங்கினோம். ஹோஸும் கிளிப்பும் சேர்ந்து இரண்டு நாள் ஓட்டத்துக்குள் முடிந்தது.

அடுத்த ஏற்காடு சவாரியில் புகை இல்லை, முனகல் இல்லை. எஃப்.சி.யும் ஆகிவிட்டது. இப்போது ஸ்டாண்டில் யார் வண்டி புகைந்தாலும் அப்பா, "மொதல்ல ஹோஸைப் பாருங்க. எம் பையன் கணக்குப் போட்டுச் சொன்னான்" என்கிறாராம். இதனால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை தூக்கம் போயிற்று.

சூட்டில் ரப்பர் கொஞ்சம் அமுங்குவதால், ஸ்க்ரூ வைத்த கிளிப்பாக இருந்தால் இருநூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, எஞ்சின் ஆறியதும் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். எங்களுக்குக் கால் சுற்று இறங்கியது. பழைய ஹோஸை நீளவாக்கில் அறுத்து எங்கள் லேபில் வைத்திருக்கிறேன். உள்ளே நூல் அடுக்கு எந்த இடத்தில் அறுந்தது என்று தெளிவாகத் தெரியும். பார்க்க விரும்புகிறவர்கள் மதிய இடைவேளையில் வரலாம். கையில் கரி ஒட்டும்.