கட்டுரையை ஒப்படைக்கும் முன்

எழுதி முடித்த ஆய்வுக் கட்டுரையைக் கையில் எடுத்ததும் பலர் முதலில் தேடுவது எழுத்துப் பிழையைத்தான். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. வாதம் நிற்கிறதா என்பதை முதலிலும், சான்றுகள் சரியா என்பதை அடுத்தும் பார்க்க வேண்டும். நீக்கப்பட வேண்டிய பத்தியில் உட்கார்ந்து ஒற்றுப்பிழை திருத்துவது வீண் உழைப்பு.

வாதத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு பத்தியும் சொல்வதை ஓரத்தில் ஒரே வரியில் குறித்து, அந்த வரிகளை மட்டும் வரிசையாகப் படித்தால் போதும். கூறியது கூறலும், இடையில் விடுபட்ட படியும் அப்போது தெரிந்துவிடும். ஒரு வரிக்குள் அடங்காத பத்தியில் பெரும்பாலும் இரண்டு கருத்துகள் கலந்திருக்கும். எழுத எழுதக் கேள்வியே மாறிவிடுவதும் இயல்பு. அப்படியானால் முடிவுரையை வளைப்பதைவிட முன்னுரையை மாற்றி எழுதுவதே நேர்மை.

மிகுந்த பொறுமை வேண்டுவது மேற்கோள்களில்தான். தொல்காப்பியத்தில் நூற்பாக்களைப் பிரிக்கும் முறை உரையாசிரியருக்கு உரையாசிரியர் வேறுபடும். இளம்பூரணர் உரைப் பதிப்பில் உள்ள எண் சேனாவரையர் உரைப் பதிப்பில் மாறியிருக்கலாம். வெறும் எண்ணைத் தந்தால் படிப்பவருக்கு நூற்பா கிடைக்காது. எந்த உரை, எந்தப் பதிப்பு என்பதும் வேண்டும். உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தது 1894இல். இன்று கையில் இருப்பது பிற்காலப் பதிப்பு என்றால் அடிக்குறிப்பில் அந்தப் பதிப்பின் ஆண்டே வர வேண்டும். பிறருடைய ஆய்வேட்டிலிருந்து எடுத்த மேற்கோளை மூலநூலோடு ஒப்பிடாமல் விடக் கூடாது. அங்குள்ள பிழையும் சேர்ந்தே வந்துவிடும்.

மூலத்தைக் குறிக்க மறந்த வரிகள் இன்னும் ஆபத்தானவை. திருடும் எண்ணம் இல்லாமலும் இது நேரும்: படிக்கும்போது குறிப்பேட்டில் எழுதிவைத்த பிறர் வாக்கியம், மாதங்கள் கழித்துச் சொந்த வாக்கியம்போலத் தோன்றும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் ஆய்வேட்டில் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. அதற்கு மேல் 40 வரை எனில் 6 மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை எனில் திருத்திய ஏட்டை ஓராண்டுக்கு ஒப்படைக்க முடியாது. 60ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்தாகும். மூலம் காட்டி முறையாகத் தந்த மேற்கோள்கள் இந்தக் கணக்கில் சேரா.

இவ்வளவும் முடிந்த பின்பே மொழித் திருத்தம். ஒற்று பொருளையே மாற்றும்: ‘வேலை கொடு’ என்பது பணி கேட்பது, ‘வேலைக் கொடு’ என்பது வேலாயுதத்தைக் கேட்பது. பழைய எழுத்துருவிலிருந்து யூனிக்கோடுக்கு மாற்றிய கோப்பில் துணைக்காலும் ‘ர’வும் இடம் மாறியிருக்கலாம், ‘ஔ’ என்ற ஓரெழுத்து ‘ஒ’, ‘ள’ என இரண்டாகக் கிடக்கலாம். இவற்றைத் திரையில் கண்டுபிடிப்பது கடினம் என்பதால் அச்செடுத்து, வாய்விட்டுப் படிப்பது நல்லது. மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தைப் பிரிக்கலாம். கடைசியாக, அடிக்குறிப்பில் வரும் ஒவ்வொரு நூலும் துணைநூற்பட்டியலில் உள்ளதா, பொருளடக்கத்தின் பக்க எண்கள் திருத்தத்துக்குப் பின்னும் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டு நெறியாளரிடம் கொடுக்கலாம்.