பாட்டரி வண்டிக்கு ஜெனரேட்டர் துணையாகுமா?

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டிச் சேரப்பணஞ்சேரி வழியாக ஒரகடம் செல்வோர், இரு மருங்கிலும் வயலும் ஏரியும் இருந்த இடங்களில் இன்று பெருந்தொழிற்சாலைகள் எழுந்து நிற்பதைக் காண்பர். அவற்றின் மதிலுக்குள் மனிதரையும் சிறு சாமான்களையும் ஏற்றிக்கொண்டு ஓசையின்றி ஓடும் பாட்டரி வண்டிகளை நம் அங்கத்தினர் பலரும் பார்த்திருக்கக் கூடும். மேனாடுகளில் கோல்ப் விளையாட்டு மைதானங்களுக்கென்று செய்யப்பட்ட வண்டியே இது. நம் நாட்டில் ரயில் நிலையங்களிலும் வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் முதியோருக்குப் பெரிதும் பயன்படுகிறது.

தொழிற்சாலைகள் கழித்துவிடும் இத்தகைய வண்டி மலிவான விலைக்குக் கிடைக்குமாயின், நூல் பொதிகளையும் காய்கறிக் கூடைகளையும் சங்கக் கிடங்கிற்குள்ளும் தோட்டத்திற்குள்ளும் கொண்டு செல்ல வாங்கலாமா என்றும், மின்சாரம் தடைப்படும் நாட்களில் ஒரு சிறு பெட்ரோல் ஜெனரேட்டரைக் கொண்டு அதை ஓட்டலாமா என்றும் அங்கத்தினர் சிலர் வினவுகின்றனர். சங்கப் பணம் செலவாகும் விஷயமாதலால் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி, அதன் மின்சாரத்தை நேரே மோட்டாருக்குக் கொடுக்கலாகாதா என்பதே பலருக்கும் முதலில் தோன்றும் எண்ணம். இது புதிய எண்ணமுமன்று. 1900ஆம் ஆண்டிலேயே வியன்னா நகரில் பெர்டினாண்டு போர்ஷே என்பார் பெட்ரோல் யந்திரத்தால் மின்சாரம் உண்டாக்கி, அதைக்கொண்டு சக்கரத்திலுள்ள மோட்டார்களை இயக்கும் வண்டியைச் செய்தார். 1964ஆம் ஆண்டு முதல் வாரணாசித் தொழிற்சாலையில் உருவாகி நம் இருப்புப் பாதைகளில் ஓடிய 2,600 குதிரைத் திறனுள்ள டீசல் எஞ்சின்களும் இவ்வகையினவே. அவற்றில் டீசல் யந்திரம் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை, ஜெனரேட்டரைத்தான் சுழற்றுகிறது. ஆனால் அங்கெல்லாம் மோட்டாரின் பசிக்கு ஏற்ற ஜெனரேட்டர் அமைந்துள்ளது. நம் வண்டியின் நிலை வேறு.

48 வோல்ட் வண்டி ஒன்று சமதரையில் ஓடும்போது ஏறக்குறைய 60 ஆம்பியர், அதாவது மூன்று கிலோவாட் அளவு இழுக்கும். நின்ற நிலையிலிருந்து பாரத்துடன் புறப்படும்போதும், மேட்டில் ஏறும்போதும் 200 ஆம்பியருக்கு மேல் கேட்கும். அது பத்து கிலோவாட்டை நெருங்குகிறது. ஒருவர் கையால் தூக்கிச் செல்லக்கூடிய ஜெனரேட்டரோ ஒன்று அல்லது இரண்டு கிலோவாட்டே தரும். புறப்படும் கணத்திலேயே அது திணறி நின்றுவிடும். ஆகவே மோட்டாருக்கு உணவளிக்கும் வேலை பாட்டரியுடையதே. ஜெனரேட்டர் செய்யத்தக்கது, சார்ஜர் வழியாகப் பாட்டரியை நிரப்புவது ஒன்றுதான்.

ஓடிக்கொண்டே நிரப்பினால் என்ன? சாதாரண சார்ஜர் 15 ஆம்பியர் தருகிறது. வண்டியோ 60 ஆம்பியர் செலவழிக்கிறது. 30 கிலோமீட்டர் ஓடும் வண்டி 40 கிலோமீட்டர் ஓடலாம், அவ்வளவே. அதற்காக ஜெனரேட்டரின் பாரத்தையும் புகையையும் கூடவே சுமக்க வேண்டும். மேலும் சார்ஜர் இணைந்திருக்கையில் வண்டி நகராதபடி பூட்டு அமைப்பு பெரும்பாலான வண்டிகளில் உண்டு. அதை அறுத்து மாற்றித்தர முன்வரும் பட்டறைக்காரரை நாம் நாடாமலிருப்பதே நலம்.

இனிச் செலவைப் பார்ப்போம். 48 வோல்ட், 200 ஆம்பியர்-மணி கொண்ட ஈயப் பாட்டரித் தொகுதியில் 9.6 யூனிட் அடங்கும். அதில் பாதியைத்தான் எடுக்கலாம். அதற்கு மேல் எடுத்தால் பாட்டரியின் ஆயுள் விரைவில் குறையும். அந்தப் பாதியில் வண்டி ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓடும். செலவழித்ததைத் திரும்ப நிரப்பச் சார்ஜர் ஏழு மணி நேரத்தில் சுமார் ஏழு யூனிட் வாங்கும். சிறு ஜெனரேட்டர் ஒரு லிட்டர் பெட்ரோலில் ஒன்று முதல் ஒன்றரை யூனிட் தருமாதலால், ஐந்து முதல் ஏழு லிட்டர் தேவை. லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டால் ஐந்நூறு முதல் எழுநூறு ரூபாய் வரை. அதாவது கிலோமீட்டருக்கு இருபது ரூபாய் அளவில் ஆகும். அதே ஏழு யூனிட்டைக் கம்பி மின்சாரத்தில், யூனிட் பத்து ரூபாய் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், எழுபது ரூபாயில் பெறலாம். ஒரு லிட்டர் பெட்ரோலின் வெப்பம் ஏறக்குறைய ஒன்பது யூனிட்டுக்குச் சமம். இந்தச் சுற்றுவழியில் பத்தில் ஒரு பங்கே சக்கரத்தை அடைகிறது. அந்தப் பெட்ரோலை ஒரு சாதாரண மூன்று சக்கரச் சுமை வண்டியில் ஊற்றினால் பன்மடங்கு தூரம் போகலாம். நாள்தோறும் ஜெனரேட்டரை நம்பி இவ்வண்டியை வாங்கும் சங்கம் நஷ்டக் கணக்கே எழுத வேண்டியிருக்கும் என்பது எமது அபிப்பிராயம்.

எனினும் ஆபத்துக் காலம் என்று ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையருகே கரை கடந்தபோது, காஞ்சிபுரம் மாவட்டத்திலும் மின்கம்பங்கள் வீழ்ந்து பல கிராமங்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய வேளையில் கிடங்கில் நீர் புகுமுன் நூலை மேட்டுக்குக் கொண்டு செல்ல ஐந்து லிட்டர் பெட்ரோல் செலவழிப்பதை யாரும் குறை கூறார். அப்போதைக்கென்று ஒரு ஜெனரேட்டரை வைத்திருக்க விரும்புவோர் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

ஜெனரேட்டரின் பெயர்த்தகட்டில் இரண்டு அளவுகள் இருக்கும். பெரிய எண், சில நிமிடம் மட்டும் தாங்கும் அளவு. தொடர்ந்து தரும் அளவையே நம்ப வேண்டும். ஒரு கிலோவாட் வாங்கும் சார்ஜருக்கு இரண்டு கிலோவோல்ட்-ஆம்பியர் ஜெனரேட்டர் பொருத்தமாகும். பழைய மாதிரிச் சார்ஜர்கள் மின்சாரத்தின் அதிர்வெண்ணை மிகவும் சார்ந்தவை. யந்திரத்தின் வேகம் குறைந்து 50 சுழற்சியினின்று இறங்கினால் சார்ஜும் குறைந்துபோகும். இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டரில் இத்தொல்லை இல்லை, விலைதான் கூடுதல். சில ஜெனரேட்டர்களில் 12 வோல்ட் நேர்மின்சாரத் துவாரம் ஒன்று இருப்பதைக் கண்டு, பாட்டரிகளை ஒவ்வொன்றாக அதில் நிரப்ப முயல்வோர் உண்டு. அதன் சக்தி நூறு வாட் அளவே. அன்றியும் ஒரு பாட்டரி நிறைந்து மற்றொன்று குறைந்து தொகுதியே கெடும்.

பாட்டரி நிறையும் விதத்திலும் ஒரு நுட்பம் உள்ளது. காலியான பாட்டரி முதலில் முழு வேகத்தில் மின்சாரத்தை வாங்கும். ஐந்தில் நான்கு பங்கு நிறைந்தபின் மெல்ல மெல்லவே வாங்கும். அந்தக் கடைசி மணிகளில் ஜெனரேட்டர் பெரும்பாலும் வீணாகவே பெட்ரோலைக் குடிக்கும். ஆதலால் அந்த அளவில் நிறுத்திவிட்டு, மின்சாரம் வந்தவுடன் மீதியைக் கம்பியிலிருந்து தவறாமல் நிரப்பிவிட வேண்டும். அரைகுறையாகவே பல வாரம் விட்டால் ஈயத் தகடுகளில் வெண்படிவம் ஏறிப் பாட்டரி பாழாகும். அடர்த்திமானி வைத்துப் பார்ப்போருக்கு அளவு எளிது: முழுதும் நிறைந்தபோது 1.280ஐ ஒட்டி நிற்கும், 1.200க்குக் கீழே இறங்கவிடலாகாது. காய்ச்சி வடித்த நீரைச் சார்ஜ் முடிந்த பின்னரே ஊற்ற வேண்டும்.

நூற்கிடங்கு உள்ள சங்கங்களுக்கு இவை யாவற்றினும் முக்கியமானது அபாயத்தைப் பற்றியது. பெட்ரோல் யந்திரத்தின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நிறமும் மணமுமற்ற நச்சுவாயு உள்ளது. மழைக்கு அஞ்சி ஜெனரேட்டரைத் தறிக்கொட்டகைக்குள்ளோ தாழ்வாரத்திலோ வைத்து இயக்கினால், உறங்குபவர் உறக்கத்திலேயே இறக்க நேரிடும். சார்ஜாகும் ஈயப் பாட்டரியோ ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும்; காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். எனவே ஜெனரேட்டர் வெளியிலும், வண்டி காற்றோட்டமுள்ள தனிக் கொட்டகையிலும், பஞ்சும் நூலும் இரண்டிற்கும் அப்பாலும் இருத்தல் வேண்டும். சூடான யந்திரத்தில் பெட்ரோல் ஊற்றலாகாது.

வேறு இரண்டு விஷயங்களையும் கூறிவிடுகிறோம். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குக் குறைந்தும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்தும் உள்ள பாட்டரி வண்டிக்கே பதிவிலிருந்து விலக்கு உண்டு. நாம் பேசும் வண்டி அதில் அடங்காது; பதிவின்றி அதை நெடுஞ்சாலையில் கொண்டு செல்லலாகாது. பொதுச் சாலையில் சுமை கொண்டு செல்ல விரும்பும் சங்கங்கள், 310 கிலோ வரை சரக்கேற்ற அனுமதிக்கப்பட்ட இ-கார்ட் என்னும் வண்டியை விசாரிப்பதே முறை. இரண்டாவதாக, பம்பு செட்டுக்கென்று வழங்கப்பட்ட இலவச மின் இணைப்பிலிருந்து வண்டியைச் சார்ஜ் செய்வது விதிக்கு மாறானது. விவசாய அங்கத்தினர் இதை மனத்திற்கொள்ள வேண்டும்.

ஜெனரேட்டர் வாங்க ஒதுக்கும் தொகை கைவசம் இருக்குமாயின், கூரையில் சூரிய மின்தகடு அமைப்பதைப் பற்றியும் நிர்வாகக் குழு கேட்டறியலாம். நம் பகுதி வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். நாளுக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அது போதும். கம்பி மின்சாரம் நின்றபோதும் இயங்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். கம்பியுடன் மட்டும் இணைந்த வகை, மின்தடையின்போது தானும் நின்றுவிடும்.