குழாய் பதிக்கும் முன்பே 5,000 ரூபாய் கட்டிய மக்கள்! ஆலந்தூர் பாதாளச் சாக்கடை வந்த கதை

மழைக்காலத்தில் செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்தால் வீடு என்ன பாடுபடும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். லாரிக்காரருக்கு போன் மேல் போன், 'இன்னிக்கு வண்டி இல்ல சார்' என்ற பதில், பக்கத்து வீட்டு மாமியின் முறைப்பு... ஒருவழியாக லாரி வந்து உறிஞ்சிவிட்டுப் போவதற்குள் தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும்.

1990-களில் சென்னையை ஒட்டியிருந்த ஆலந்தூர் நகராட்சியில் இதுதான் அன்றாடம். ஆலந்தூர், ஆதம்பாக்கம், நங்கநல்லூர், பழவந்தாங்கல் என்று வீடுகள் நெருக்கியடித்து எழும்பிவிட்டன. ஆனால், பாதாளச் சாக்கடை கிடையாது. 1996-ல் நகராட்சித் தலைவரான ஆர்.எஸ்.பாரதி (பின்னாளில் மாநிலங்களவை உறுப்பினர்) இதைச் செய்துகாட்டக் கிளம்பினார். செலவு சுமார் 34 கோடி ரூபாய். நகராட்சிக் கஜானாவில் அவ்வளவு பணம் ஏது?

வழக்கமாக இந்த இடத்தில் கதை முடிந்து, கோப்பு அலமாரிக்குள் போய்விடும். இங்கே வேறொன்று நடந்தது. மக்களிடமே கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய் டெபாசிட், கடைகளுக்கும் வணிக இடங்களுக்கும் 10,000 ரூபாய். இணைப்பு வந்த பிறகு மாதக் கட்டணம் தனி.

5,000 ரூபாய் என்றால் இன்றைக்கு ஒரு குடும்பம் ஹோட்டலுக்கும் சினிமாவுக்கும் போய்வந்தால் கரைந்துவிடும். அன்றைக்கு ஒரு சவரன் தங்கமே 4,000 ரூபாய்க்குக் கீழேதான். அதாவது, ஒரு சவரனுக்கும் மேலான பணத்தை, கண்ணால் பார்க்காத ஒரு குழாயை நம்பி, அதுவும் நகராட்சியிடம் கொடுக்க வேண்டும். உங்கள் தெருவில் இப்போது யாராவது வந்து கேட்டால் கொடுப்பீர்களா? எனக்கே சந்தேகம்தான்.

ஆனால், ஆலந்தூர்க்காரர்கள் கட்டினார்கள். வீடு வீடாகக் கருத்துக் கேட்டார்கள். குடியிருப்போர் நலச் சங்கங்களோடு தெருத் தெருவாகக் கூட்டம் போட்டார்கள். நகர்மன்றத்தில் கட்சி வித்தியாசம் பார்க்காமல் ஆதரவு திரட்டினார்கள். மக்கள் பணம் மற்ற செலவுகளோடு கலந்துவிடாமல் தனிக் கணக்கில் போடப்பட்டது. லாரிக்கு அடிக்கடி கொடுக்கும் காசைக் கூட்டிப் பார்த்த இல்லத்தரசிகளுக்குக் கணக்கு சட்டென்று புரிந்திருக்கும் என்பது என் யூகம்.

கடன் எப்படிக் கிடைத்தது?

டெபாசிட் பணம் மட்டும் 34 கோடிக்குப் போதாது. ஆனால் அதற்கு இன்னொரு பலன் இருந்தது. 'இந்த ஊர் மக்கள் காசு கொடுக்கத் தயார்' என்பதற்கு அதுதான் சாட்சி. கடன் கொடுப்பவர் முதலில் கேட்பது, 'திருப்பிக் கட்ட வருமானம் எங்கே?' என்றுதானே! அரசும் தனியார் நிதி நிறுவனங்களும் சேர்ந்து 1996-ல் தொடங்கிய தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் ஆதரவு கிடைத்தது. மாதக் கட்டணம் போதாமல் துண்டு விழுந்தால் தாங்கிக்கொள்ள அரசும் முன்வந்தது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் நிறுவனமே தன் முதலீட்டில் கட்டி நடத்த வேண்டும். சுத்திகரிக்கும் அளவைப் பொறுத்து நகராட்சி பணம் கொடுக்கும். இதுதான் ஒப்பந்தம். 2000-ல் தெருக்களைத் தோண்ட ஆரம்பித்தார்கள். பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது.

ஆலந்தூரைப் போல எல்லா ஊராலும் தனியாக நிற்க முடியாது. அதற்கும் தமிழ்நாட்டில் ஒரு வழி கண்டார்கள். 2002-03 வாக்கில் பத்துக்கும் மேற்பட்ட சிறு நகரங்களின் குடிநீர், சுகாதாரத் திட்டங்களை ஒன்றாகக் கட்டி, சுமார் 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். 15 வருடத் தவணை, 9.2 சதவிகித வட்டி. ஏதாவது ஓர் ஊர் தவணை கட்டத் தவறினால், அரசு அந்த ஊருக்குத் தர வேண்டிய நிதியில் பிடித்துக்கொள்ளலாம். அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யு.எஸ்.எய்டு உத்தரவாதம் கொடுத்தது. நம் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவில் பத்துப் பேர் ஒருவருக்கொருவர் ஜாமீனாக நிற்பது ஞாபகம் வருகிறதா? கிட்டத்தட்ட அதே கதைதான்!

சென்னை மாநகராட்சியும் 2025-ல் 200 கோடி ரூபாய்க்கு மேல் பத்திரம் மூலம் திரட்டியது, மழைநீர் வடிகாலுக்காக. பத்திரம் என்றால் இனாம் இல்லை. வட்டியோடு திருப்ப வேண்டும். அது நாம் கட்டும் சொத்து வரியிலிருந்தும் கட்டணங்களிலிருந்தும்தான் வர வேண்டும்.

இங்கேதான் சிக்கல். 2021 புத்தாண்டிலிருந்து குப்பைக் கட்டணமாக வீடுகளுக்கு மாதம் 10 முதல் 100 ரூபாய் வரை வசூலிக்கப் போவதாக சென்னை மாநகராட்சி அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைத்தது. ஆலந்தூரில் 5,000 கொடுத்தார்கள், இங்கே 10 ரூபாய்க்கே எதிர்ப்பு. மக்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆலந்தூரில் பணம் கேட்பதற்கு முன்பு வீட்டுக்கு வந்து பேசினார்கள். இங்கே அறிவிப்புதான் முதலில் வந்தது.

ஆலந்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. அன்று டெபாசிட் கட்டிய ரசீதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் தாத்தா, பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், ஒருமுறை கேட்டுப் பாருங்கள், எதை நம்பி அந்தப் பணத்தைக் கட்டினார்கள் என்று.