மின்சாரம் நின்ற இரவில்

2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாட்களும் வட இந்திய மின்தொகுப்பு செயலிழந்தபோது, டில்லியில் மெட்ரோ ரயில்களும் நின்றுபோயின. இத்தகைய வேளையில் நாம் அஞ்ச வேண்டியது இருளுக்கு அல்ல, ஜெனரேட்டர் புகைக்கே. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குகிறவர் உறக்கத்திலேயே மரிக்கக்கூடும். ஜன்னலைத் திறந்துவைத்தால் போதுமென்று எண்ணாதிருங்கள். பால்கனியிலும் மாடிப்படியின் கீழும் அதை வைக்கலாகாது. நம்முடைய சிறு வாடகை வீடுகளில் வேறு இடம் ஏது? அப்படியானால் ஜெனரேட்டரே வேண்டாம், பேட்டரி விளக்கு போதும். குளிர்காலத்தில் அறைக்குள் கரியடுப்பு மூட்டுவதிலும் இதே ஆபத்து உண்டு. தலைவலியோ குமட்டலோ தோன்றினால் பிள்ளைகளோடு உடனே வெளியேறுங்கள். பிரிட்ஜைத் திறவாதிருந்தால் உணவு ஏறக்குறைய 4 மணி நேரம் கெடாது. மின்சாரம் திரும்பியதை அறிய ஒரு விளக்கின் சுவிட்சை மட்டும் போட்டுவையுங்கள்.