மீண்டும் வருமா எனும் கேள்வியும் ஊவாவின் பெண்களும்

மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பும் பெண்ணிடம் எஞ்சி நிற்கும் கேள்வி ஒன்றேயாகும். இந்நோய் மீண்டும் வருமா? இலங்கைப் பெண்களை அதிகமாகப் பீடிக்கும் புற்றுநோய் இதுவே என்பதால், இக்கேள்வி பதுளை நகருக்கும் பசறை, லுணுகலை, அப்புத்தளைத் தோட்ட லயங்களுக்கும் பொதுவானதாகும்.

முன்னர் கட்டியின் பருமனையும் அது அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியுள்ளதா என்பதையும் கொண்டே வைத்தியர்கள் இதற்கு விடை கூறினர். ஆனால் ஒரே பருமனுள்ள கட்டி இருவருக்கு இருந்து, ஒருவர் இருபது வருடங்கள் நலமாக வாழ, மற்றவருக்கு இரண்டு வருடங்களில் நோய் திரும்புவதுண்டு. இவ்வேறுபாட்டைக் கலங்களுக்குள் இருக்கும் சில மூலக்கூறுகளே பெரிதும் தீர்மானிக்கின்றன. இவற்றையே மருத்துவ உலகம் உயிர்க்குறியீடுகள் என்கிறது.

அவற்றுள் முதன்மையானது ஈஸ்ட்ரோஜன் வாங்கியாகும். 1950களின் பிற்பகுதியில் சிக்காகோவில் எல்வுட் ஜென்சன் ஆரம்பித்த ஆய்வுகள் இதனை வெளிப்படுத்தின. இவ்வாங்கி உள்ள கட்டி பெண் ஓமோனை உணவாகக் கொண்டு வளர்கிறது. அந்த வழியை அடைக்கும் மாத்திரையே தமொக்சிபென். அடுத்தது புரோஜெஸ்டரோன் வாங்கி. மூன்றாவதான ஹேர்-2 புரதம் மிகுந்திருந்தால் கட்டி வேகமாகப் பரவக்கூடும். எனினும் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் என்ற மருந்து அதன் போக்கையே மாற்றிவிட்டது. நான்காவதான கேஐ-67, கலங்கள் பிரிவடையும் வேகத்தைக் காட்டுவதாகும்.

முதல் மூன்றும் இல்லாத கட்டி மீளுமாயின் பெரும்பாலும் முதல் ஐந்து வருடங்களுக்குள்ளேயே மீளும். ஈஸ்ட்ரோஜன் வாங்கி உள்ள கட்டியோ பொறுமைசாலி. ஐந்து வருட ஓமோன் சிகிச்சையை முடித்து நோயின்றியிருந்த 62,923 பெண்கள் பற்றி 2017இல் வெளியான ஆய்வில், அடுத்த பதினைந்து வருடங்களில் நோய் வேறு உறுப்புகளில் தலைகாட்டும் வாய்ப்பு, ஆரம்ப நிலையைப் பொறுத்து 10 முதல் 41 சதவீதம் வரை இருந்தது. உடம்பு நன்றாக இருக்கிறது என்பதற்காக மாத்திரையை நிறுத்துவது எவ்வளவு ஆபத்தானது என்பதை இது உணர்த்துகிறது.

மேலைநாடுகளில் இப்போது 21 பரம்பரையலகுகளை ஒருங்கே ஆராயும் ஒன்கோடைப் பரிசோதனை பிரபலமாகியுள்ளது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் பங்குகொண்டு 2018இல் முடிவு வெளியான ஆய்வொன்று, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாத ஓமோன் சார்ந்த கட்டியுள்ள பலருக்கு இரசாயன சிகிச்சை தேவையில்லை என்பதை இப்பரிசோதனையின் துணைகொண்டு நிரூபித்தது. அது பெரும் சாதனையே. ஆனால் அதன் விலை அமெரிக்காவில் சுமார் 4,000 டொலர். டொலர் ஒன்றுக்கு 300 ரூபா எனக் கொண்டால் 12 இலட்சம் ரூபா. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் இது ஒரு தொழிலாளியின் சுமார் 890 நாள் 'பேர்' ஆகும்.

இதனால் நம்பிக்கையிழக்க வேண்டியதில்லை. மேற்கூறிய சாதாரண நான்கு குறியீடுகளையும் சேர்த்துக் கணித்தாலே ஏறத்தாழ அதேயளவு தகவல் கிடைக்கும் என்பதை 2011இல் லண்டன் ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். ஆனால் அந்த நான்கும் பிழையின்றி அளக்கப்பட வேண்டும். சிக்கல் இங்குதான் ஆரம்பிக்கிறது.

வெட்டியெடுத்த திசுவை ஒரு மணித்தியாலத்துக்குள் போமலின் திரவத்தில் இட வேண்டும். அதில் 6 முதல் 72 மணித்தியாலங்கள் வரையே இருக்க வேண்டும். வெலிமடையிலோ தியத்தலாவையிலோ எடுக்கப்படும் திசு, வாகனமின்றியோ நீண்ட விடுமுறை காரணமாகவோ போத்தலிலேயே காத்துக்கிடந்தால், உள்ள வாங்கி இல்லை என்று முடிவு வரக்கூடும். அப்போது அப்பெண் இழப்பது மிக மலிவான மாத்திரையை. ஈஸ்ட்ரோஜன் வாங்கி உள்ளோர் ஐந்து வருடங்கள் தமொக்சிபென் உட்கொண்டால், முதல் பதினைந்து வருடங்களில் இந்நோயால் ஏற்படும் மரணம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைகிறது. திசுப் போத்தலில் நேரத்தைக் குறிப்பதும் அதை உரிய காலத்தில் ஆய்வுகூடத்தில் சேர்ப்பதும் கோடிகள் செலவாகும் காரியங்களல்ல. மாகாண சுகாதார அதிகாரிகள் இதில் கவனம் செலுத்த வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம்.

அடுத்தது மொழி. அறிக்கை ஆங்கிலத்தில், கிளினிக்கில் விளக்கம் பெரும்பாலும் சிங்களத்தில், கேட்பவரோ தமிழ்ப் பெண். மாத்திரையை எத்தனை வருடம், ஏன் விழுங்க வேண்டும் என்பது விளங்காதவர், உடல் சூடேறுவதையும் மாதவிடாய் மாறுவதையும் கண்டு அஞ்சி அதை நிறுத்திவிடுவதில் வியப்பில்லை. கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் 'பேர்' போகிறது என்பதும் உண்மை. 2022இன் மருந்துத் தட்டுப்பாடு வேறு பலரது சிகிச்சையைக் குழப்பியது.

வெலிமடை, குருத்தலாவைப் பகுதி முஸ்லிம் சகோதரிகள் சிலர் ஆண் வைத்தியரிடம் மார்பைக் காட்டத் தயங்கி மாதக்கணக்கில் கட்டியை மறைப்பதுண்டு. 1996இல் ஆரம்பிக்கப்பட்டு, 35, 45 வயதினரை முக்கியமாகக் கருதும் சுகவனிதையர் கிளினிக்குகளுக்கு அவர்கள் செல்லலாம். தம்மைப் பெண் ஒருவரே பரிசோதிக்க வேண்டுமெனக் கேட்கவும் தயங்க வேண்டியதில்லை. தமொக்சிபென் வழமையாக நாளுக்கு ஒரு வேளை மாத்திரையே என்பதால், றமழானில் நோன்பு திறந்த பின் எடுப்பது பற்றி வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நோயாளரின் உறவினர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. நோயியல் அறிக்கையின் பிரதியைக் கேட்டுப் பெற்று, கிளினிக் கொப்பியோடு பத்திரப்படுத்துங்கள். அதில் நான்கு குறியீடுகளும் எழுதப்பட்டுள்ளனவா எனப் பாருங்கள். ஒன்று விடுபட்டிருந்தால் அடுத்த கிளினிக் நாளில் அதனை வைத்தியரிடம் கேளுங்கள்.