உடன்வருவதும் வேண்டிப் பெறுவதும்

கணினியை இயக்குதற்கு அடிப்படையாயமைந்த மென்பொருளைப் பணிசெயல் முறைமை என்பர். அதனோடு வழங்கத்தக்க துணைக்கருவிகள் பல. அவற்றுள் எவற்றை உடன் நிறுவுதல் வேண்டும், எவற்றை வேண்டுவார் தெரிவுக்கு விடலாம் என்னும் வினா பொறியியலாளர்க்கே உரியதெனத் தோன்றலாம். அஃது அவ்வாறன்று என்பதற்குத் தமிழெழுத்தின் அண்மைக்கால வரலாறே சான்றாகும்.

2000 ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 2000 முறைமையிலேயே யுனிகோட் தமிழும் ‘லதா’ என்னும் எழுத்துருவும் இடம்பெற்றன. ஆயினும், 2001 இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் ஆங்கிலப் பதிப்பில், தமிழ் முதலிய எழுத்துகளைக் காட்டுதற்குரிய கோப்புகள் பொதுவாகத் தாமே நிறுவப்படவில்லை. பயனர் உரிய கட்டத்தில் அடையாளமிட்டு, பெரும்பாலும் இறுவட்டையும் இட வேண்டியிருந்தது. அவற்றுக்கு வேண்டிய இடமோ ஏறத்தாழ 10 மெகாபைற்று. அக்காலத்து வன்தட்டுகளோ கிகாபைற்றுக் கணக்கின. 2007 இல் விஸ்டா வந்தபோதே அவை உடன்வருவனவாயின.

இதனால் நேர்ந்த இடர் யாது? சாகாமத்திலிருந்து ஒருவர் கொழும்புக்குத் தமிழிற் கடிதம் அனுப்பினாரெனக் கொள்வோம். பெறுபவர் கணினியில் அக்கோப்புகள் இல்லையேல், கொம்பும் காலும் இடம்மாறியோ, எழுத்துகள் வெறுங்கட்டங்களாகவோ தோன்றும். எழுதியவர் தம் கணினியைச் செவ்வனே அமைத்தும் பயனில்லை. பெற்றவரோ, குறை யாதென அறியாமையால் அதனை நீக்கவும் இயலாதவர்.

ஈண்டு ஒரு விதி புலனாகின்றது. ஒருவரிடம் இல்லாமையாற் பிறர் முயற்சியும் வீணாகுமாயின், அக்கருவி உடன்வரல் வேண்டும். தேவையுணர்ந்தார் தாமே பெறத்தக்கதும், விருப்பம் வேறுபடுவதும் தெரிவுக்கு விடப்படலாம். குளங்கட்டும்போதே மடையும் வைத்தல் வேண்டும். எந்நெல் விதைப்பதென்பது உழவர் தெரிவு. அனைத்தையும் உடன் நிறுவுதலும் அறிவுடைமையன்று. ஒவ்வொரு கருவியும் இடங்கொள்வதோடு, புதுப்பித்தலையும் காவலையும் வேண்டி நிற்கும்.

விசைப்பலகையை நோக்குக. இலங்கையில் இரங்கநாதன் முறையும், தமிழகத்தில் 1999 இல் ஏற்கப்பெற்ற தமிழ்99 முறையும் வழங்குகின்றன. ஆதலின் அது தெரிவுக்குரியது. 2015 இல் வந்த விண்டோஸ் 10 ‘லதா’வையே விருப்பத்தொகுதிக்கு மாற்றியது, ‘நிர்மலா’ என்னும் எழுத்துரு உடனிருந்தமையால் தமிழ் மறைந்திலது.

நம் மாணவருள்ளும் பழைய மாணவருள்ளும் பாடசாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கணினி அமைத்துக்கொடுப்போர் உளர். அவர்கள் முதனாளில் வைத்தவாறே அக்கணினிகள் பல்லாண்டு இயங்கும்; பின்வருவோர் மாற்றுதல் அரிது. ஆதலின் ஒப்படைக்குமுன் தமிழில் ஒரு வரியேனும் தட்டச்சிட்டுப் பார்த்தல் அவர்தம் கடமையாகும்.