சிறுகச் சிறுகக் கட்டும் தரவுக் களஞ்சியம்

அறுவடையான தானியத்தைத் தூற்றி, வகை பிரித்துக் களஞ்சியத்தில் சேர்த்து வைப்பது நம் கரிசல் காட்டு வழக்கம். அவ்வாறே, பல அலுவலகங்களில் சிதறிக் கிடக்கும் புள்ளி விவரங்களை எடுத்து, பிழை நீக்கிச் சீர்செய்து, ஓரிடத்தில் சேர்த்து வைக்கும் கணினி அமைப்பே 'தரவுக் களஞ்சியம்' ஆகும். ஆங்கிலத்தில் இதனை 'டேட்டா வேர்ஹவுஸ்' என்பர்.

நம் பகுதிக்கு இதனால் என்ன பயன்? அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அடங்கிய விருதுநகர் மாவட்டம், 2018 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய, பின்தங்கிய மாவட்டங்களை முன்னேற்றும் திட்டத்தில் இடம் பெற்றது. தமிழ்நாட்டில் விருதுநகர், இராமநாதபுரம் ஆகிய இரண்டே இதற்குத் தேர்வாயின. நலவாழ்வு, கல்வி, வேளாண்மை முதலிய ஐந்து துறைகளில் 49 அளவீடுகளைக் கொண்டு மாதந்தோறும் மாவட்டங்களின் முன்னேற்றம் ஒப்பிடப்பட்டது. மாதந்தோறும் என்பதைக் கவனியுங்கள். ஆண்டுக் கடைசியில் வரும் கணக்கு அதற்கு உதவாது.

குழந்தையின் எடை அங்கன்வாடிப் பதிவேட்டில் இருக்கிறது. தாயின் இரத்தசோகை பற்றிய குறிப்பு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறது. இத்தகைய பதிவேடுகள் அனைத்தையும் ஒருங்கே சேர்த்த பின்னரே களஞ்சியத்தைத் திறப்போம் என்று தொடங்கினால், திட்டம் வகுக்கவே ஓராண்டு ஓடிவிடும். திறக்கும் நாளில் கேள்விகளே மாறியிருக்கும்.

இதற்கு மாற்றாக அமைந்ததே 'அஜைல்' முறை. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி இதன் கொள்கைகளை அறிவித்தனர். சிறு பகுதியாகச் செய்க. பயன்படுத்துவோரிடம் உடனே காட்டுக. அவர் சொல் கேட்டுத் திருத்துக. பின்னர் அடுத்த பகுதிக்குச் செல்க. இதுவே அதன் சாரம்.

எடுத்துக்காட்டாக, 'எந்தெந்த ஊர்களில் எடை குறைந்த குழந்தைகள் மிகுதி?' என்ற ஒரே கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். அதற்கு வேண்டிய பதிவேட்டை மட்டும் இரண்டு வாரத்தில் சேர்த்து, அங்கன்வாடிப் பணியாளரிடம் காட்டுவோம். "இந்தக் குழந்தை பெற்றோருடன் வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறது, எடை போடாத இடத்தைக் கணினி சுழியம் என்று எடுத்துக்கொண்டதே!" என்று அவர் சொல்லக்கூடும். மூன்றாம் ஆண்டில் வெளிப்படக்கூடிய பிழை மூன்றாம் வாரத்திலேயே தீர்ந்துவிடுகிறது. தாயின் இரத்தசோகை பற்றிய கேள்வி அடுத்து வரும். புதிய பகுதியைச் சேர்க்கும்போதெல்லாம், பழைய விடைகள் மாறாமல் சரியாக உள்ளனவா என்று கணினியே சோதிக்கும்படி செய்தல் வேண்டும்.

ஆயினும், சிறுகச் சிறுகக் கட்டுவது என்றால் முன்யோசனையின்றிக் கட்டுவது என்று பொருளன்று. ஊர்ப் பெயர்ப் பட்டியலும் நாட்காட்டியும் எல்லாப் பகுதிகளுக்கும் பொதுவாக இருத்தல் வேண்டும் என்பது இத்துறை அறிஞர் ரால்ஃப் கிம்பால் வலியுறுத்திய கருத்து. நம் ஊர்களையே பாருங்கள். 1985-இல் மாவட்டம் பிரியும் வரை அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. புதிய மாவட்டத்திற்குக் காமராசர் பெயரும் சில காலம் வழங்கிற்று. இதனை அறியாத கணினி, ஒரே ஊரை இரண்டு மூன்று ஊர்களாக எண்ணிவிடும். ஆகவே எந்த ஆண்டில் எந்த ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதையும் களஞ்சியம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

தோழியரே! கணினியில் நாம் காணும் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஓர் ஊரும் ஒரு வீடும் உண்டு. எடை குறைந்த குழந்தை, பெரிய களஞ்சியம் முற்றும் கட்டி முடியும் வரை காத்திராது. இம்மாதம் கிடைக்கும் சிறு விடை, இம்மாதமே அக்குழந்தையின் வீட்டுக்கு உதவியைக் கொண்டு சேர்க்கும்.